பனி விழுவதில்லை: ஃபைண்டர் கண்ணாடியும் ஒரு மண்குழாயும்

"பனி பெய்யுது", "பனி கொட்டுது" என்றுதான் நாங்க சொல்றோம். முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்கே பெயர் வைத்த மொழி எங்களுடையது. ஆனா அந்த மொழியிலயும் பனி மழையைப் போல மேலேயிருந்துதான் வருது. ராத்திரியில வானம் பார்க்கப் போறவங்களுக்கு இந்த வினைச்சொல்லே ஒரு சிக்கல்.

பெரிய தொலைகாட்டி வானத்தின் ஒரு சின்னத் துண்டைத்தான் காட்டும். அதை எங்கே திருப்புவது என்று கண்டுபிடிக்க, அதன் முதுகில ஒரு குட்டித் தொலைகாட்டி இருக்கும். அதுதான் ஃபைண்டர். அதன் முன்கண்ணாடி பனியில மங்கிட்டா, பெரிய தொலைகாட்டி எவ்வளவு தெளிவா இருந்தாலும் வியாழனையோ ஒரு நெபுலாவையோ தேடிப் பிடிக்கிறது கஷ்டம். கண்டியில இது வழக்கமான தொல்லை. சுத்தி மலை, நடுவில மகாவலி, காற்றில எப்பவும் ஈரம். ஜனவரி முதல் மார்ச் வரை, மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிகள்லதான் ஹந்தானைக்கு மேல நட்சத்திரம் நல்லாத் தெரியும். அதே ராத்திரிகள்லதான் பனியும் அதிகம். இது தற்செயல் இல்லை. ஏன் என்று மனிதர்கள் கண்டுபிடிக்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு.

பனி தெளிந்த, அசைவில்லாத ராத்திரிகள்ல உண்டாகுது என்பதை அரிஸ்டாட்டில் கவனிச்சிருந்தார். ஆனா பகல்ல மேலே போன ஈரம் ராத்திரி குளிர்ந்து கீழே இறங்குது என்பதே அவர் தந்த விளக்கம். 18ஆம் நூற்றாண்டில சிலர் இதைத் தலைகீழாக்கி, பனி தரையிலிருந்து மேலே எழுது என்றார்கள். விழுதா, எழுதா என்பதே சண்டையாகிவிட்டது.

இந்தச் சண்டையைத் தீர்த்தவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ். 1757இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் பிறந்து, லண்டனில் மருத்துவராக இருந்தவர். பனி பற்றிய அவருடைய கட்டுரை 1814இல் வெளியானது. அவர் கையிலெடுத்த முக்கியமான கருவி கம்பளி. 10 கிரேன் எடையுள்ள கம்பளித் துண்டுகளை ராத்திரி வெளியே வைத்து, பிறகு எடை பார்ப்பார். கூடின எடைதான் பனி.

முதல்ல ஒரு பலகையைத் தரைக்கு மேல உயர்த்தி, அதன் மேல்பக்கம் ஒரு துண்டும் அடிப்பக்கம் ஒரு துண்டும் வைத்தார். மேலே இருந்தது 14 கிரேன் கூடியது. கீழே இருந்தது 4 மட்டும். பனி தரையிலிருந்து எழுவதாக இருந்தா கீழ்த்துண்டுதான் அதிகம் நனைஞ்சிருக்கணும். அப்போ மேலேயிருந்து விழுதா? அதற்கு இன்னொரு சோதனை. மேல்வாய் திறந்த ஒரு சுட்ட மண்குழாயைப் புல்லில நிமிர்த்தி, நடுவில கம்பளி வைத்தார். நேராக விழுற எதையும் அந்தக் குழாய் தடுக்காது. ஆனாலும் உள்ளே இருந்த கம்பளி 2 கிரேனுக்குச் சற்று மேலதான் கூடியது. வெளியே திறந்தவெளியில இருந்தது 16 கிரேன்.

குழாய் மறைச்சது ஒன்றைத்தான்: வானத்தின் பெரும்பகுதியை. தெளிந்த ராத்திரியில ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிக்கொண்டே இருக்கு. மேகம் இருந்தா அது கொஞ்சத்தைத் திருப்பித் தரும்; தெளிந்த வானம் மிகக் குறைவாகத்தான் தரும். அதனால பொருள் சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துபோகுது. அந்தக் குளிர்ந்த பரப்பைத் தொடுற காற்றின் ஈரம் அங்கேயே நீராகுது. பனி விழவும் இல்லை, எழவும் இல்லை; பொருளின் மேலேயே உண்டாகுது.

இப்ப ஃபைண்டரைப் பாருங்க. சின்னக் கண்ணாடி, குறைந்த எடை, மறைப்பில்லாமல் வானத்தைப் பார்த்தபடி நிக்குது. சீக்கிரம் குளிர்ந்துபோகும். நியூட்டன் வகைத் தொலைகாட்டியின் பெரிய ஆடி நீண்ட குழாயின் அடியில இருப்பதால தப்பிச்சுக்குது. வெல்ஸுடைய மண்குழாய்க்குள் இருந்த கம்பளி மாதிரி. ஆக, ஃபைண்டருக்கும் ஒரு குழாய் வேணும். கறுப்பு நுரைத்தாளோ தடித்த அட்டையோ போதும். 50 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால், அதைவிட ரெண்டு மூணு மடங்கு நீளத்துக்கு முன்னால நீட்டிக் கட்டலாம். ரொம்ப நீண்டா பார்வையின் ஓரம் வெட்டுப்படும். விடிய விடிய நிக்கிறதென்றால் குழாய் பனியைத் தாமதப்படுத்துமே தவிர, முழுசாத் தடுக்காது. அப்போ 12 வோல்ட் பட்டரியில இயங்குற ஒரு மெல்லிய சூடாக்கும் பட்டியைக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டணும். காற்றை விடச் சற்றே சூடா இருந்தாப் போதும். துணியால துடைக்கிறது வீண்: குளிர்ந்த கண்ணாடி மறுபடி மங்கும், பூச்சிலயும் கீறல் விழும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோட மூடிவைக்கவும் கூடாது. எங்க ஊர் ஈரத்துல கண்ணாடியில பூஞ்சணம் பிடிச்சிடும்.

இந்த வரலாற்றில இன்னொரு பக்கமும் இருக்கு. வெல்ஸ் தன் விளக்கத்தை வங்காளத்தில் ஐஸ் செய்த முறையோடும் பொருத்திப் பார்த்தார். வட இந்தியாவில, காற்று உறைநிலைக்கு இறங்காத ராத்திரிகள்லயும், குழிகளில் கரும்புத் தட்டையும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் ஆழமில்லாத மண்சட்டிகளில் நீர் வைத்து, சூரியன் வருமுன் ஐஸ் எடுத்தார்கள். அலகாபாத்தில் நடந்த இந்த வேலையை 1775இல் எழுதி வெளியிட்டவர் ராபர்ட் பார்க்கர். அவர் பெயர் எங்களுக்குத் தெரியும். சட்டி வைத்தவர்களின் பெயர் வந்து சேரவில்லை. தோட்டக்காரர்கள் குளிரிலிருந்து செடியைக் காக்க மெல்லிய பாய் போடுவதைப் பார்த்து, அரைகுறை அறிவின் செருக்கில் சிரிச்சிருக்கிறேன் என்று வெல்ஸே ஒப்புக்கொள்றார். காரணம் தெரியாமலே அவர்கள் செய்தது சரியாக இருந்தது.

"பனி கொட்டுது, தலையை மூடு" என்று சொல்ற பாட்டியும் அந்த வரிசையில்தான் வாறார். விளக்கம் தப்பு, மூடச் சொன்னது சரி. அறிவியல் வரலாறு படிக்கிறபோது நாங்க வெல்ஸை மதிக்கிறோம், ஏன் என்பதை அவர் கம்பளியும் தராசும் வைத்துக் காட்டினார் என்பதற்காக. அதே கட்டுரையில தோட்டக்காரருக்கும் சட்டி வைத்தவர்களுக்கும் உள்ள பங்கையும் சேர்த்தே வாசிக்கணும்.