கட்சிக்கு விழுந்த வாக்கு: நைஜீரியாவில் இனமும் கட்சி விசுவாசமும்

நைஜீரிய வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது. கட்சியின் சுருக்கப் பெயரும் சின்னமும் மட்டுமே அச்சாகியிருக்கும்: பி.டி.பி.யின் குடை, ஏ.பி.சி.யின் துடைப்பம், தொழிற்கட்சியின் அப்பா-அம்மா-பிள்ளை. வாக்காளர் விரலை மையில் தோய்த்து, தனக்கு வேண்டிய சின்னத்தின் எதிரில் ரேகை வைக்கிறார். மை இன்னொரு கட்டத்தில் ஒட்டிவிட்டால் சீட்டு செல்லாமல் போய்விடும் என்பதால், எப்படி மடிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்தச் சீட்டை மட்டும் பார்த்தால் கட்சி விசுவாசம் வேரோடிய நாடு என்றுதான் தோன்றும். ஆனால் நைஜீரியத் தேர்தல் பற்றி வெளிநாடுகளில் எழுதப்படுவனவற்றில் கட்சி ஒரு முகமூடியாகவே வருகிறது. வடக்கே ஹவுசா-ஃபுலானி, தென்மேற்கே யொரூபா, தென்கிழக்கே இக்போ என்று வரைபடத்தை மூன்றாகக் கிழித்து, அவரவர் ஆளுக்கு அவரவர் வாக்களித்தார்கள் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாட்டை இப்படிச் சுருக்குவது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைப்பது. அரசின் வளம் பங்கிடப்பட்ட விதமே இனத்தை வாக்காக மாற்றியது என்பதும், வழி கிடைத்த தருணங்களில் வாக்காளர் இனக்கோட்டைத் தாண்டியிருக்கிறார் என்பதும், கட்சிக்கு விசுவாசமற்று நடந்தவர்கள் பெரும்பாலும் தலைவர்களே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மண்டலமும் கட்சியும்

முதலில் 1950களைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷார் 1914இல் இணைத்த நாடு வடக்கு, மேற்கு, கிழக்கு என மூன்று மண்டலங்களாக ஆளப்பட்டது. வடக்கில் அகமது பெல்லோவின் என்.பி.சி., மேற்கில் ஒபாஃபெமி அவொலொவொவின் ஆக்‌ஷன் குரூப், கிழக்கில் என்னம்டி அசிகிவேயின் என்.சி.என்.சி. என்று ஆளுக்கொரு கோட்டை. மூன்று இனம், மூன்று கட்சி என்ற பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் என்.சி.என்.சி. 1944இல் லாகோஸில் பிறந்தபோது அதன் முதல் தலைவர் ஹெர்பர்ட் மெக்காலே, யொரூபாக்காரர். பத்தாண்டுகள் கழித்து, 1954 கூட்டாட்சித் தேர்தலில், இக்போ தலைவரின் கட்சி என்று சொல்லப்பட்ட அதே என்.சி.என்.சி. யொரூபா மண்ணான மேற்கு மண்டலத்தில் ஆக்‌ஷன் குரூப்பை விட அதிக இடங்களைப் பிடித்தது. இதற்கு இபாதன் நகரம் ஒரு விளக்கம் தருகிறது. அங்கே அடெகோகெ அடெலாபு என்ற பேச்சாளர் கடைத்தெருவையும் பழைய குடியிருப்புகளையும் தன் பக்கம் வைத்திருந்தார். இபாதன்காரர்களின் கண்ணில் ஆக்‌ஷன் குரூப் என்பது இஜேபுக்காரர்களின் கட்சி. இஜேபு வணிகரும் படித்தவரும் தங்கள் ஊர் நிலத்தையும் செல்வாக்கையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற மனக்குறை அவர்களிடம் இருந்தது. இரு தரப்பும் யொரூபா. 1958இல் அடெலாபு கார் விபத்தில் இறந்தபோது, அதைச் சதி என்று நம்பிய கூட்டம் இபாதனில் கலவரத்தில் இறங்கியது.

வடக்கிலும் இதே கதைதான். கானோவின் மார்க்கக் கல்விக் குடும்பம் ஒன்றில் பிறந்த அமினு கானோவும் தோழர்களும் 1950இல் நெப்பு என்ற கட்சியைத் தொடங்கி, தாலகாவா எனப்படும் எளிய மக்களை எமிர்களின் ஆட்சிக்கு எதிராகத் திரட்டினார்கள். திவ் மக்களை ஜோசஃப் தார்கா தனியே அணிதிரட்டினார். இலோரின் எமிரேட்டில் யொரூபா விவசாயிகள் ஆக்‌ஷன் குரூப்போடு கைகோத்தார்கள். வடக்கு முழுதும் ஒரே குரலில் பேசியது என்பது என்.பி.சி. சொல்லிக்கொண்ட கதை. எமிர்களின் நிர்வாகமும் அதன் வழக்குமன்றங்களும் நெப்புக்காரர்களைச் சிறைக்கு அனுப்பி அந்தக் கதையை மெய்யாக்கின.

மண்டலக் கோட்டைகளைக் கெட்டிப்படுத்தியது பணம். கோகோ, நிலக்கடலை, பனையெண்ணெய் ஆகியவற்றை விவசாயியிடம் குறைந்த விலைக்கு வாங்கி உலகச் சந்தையில் விற்ற சந்தை வாரியங்கள் 1954க்குப் பின் மண்டல அரசுகளின் கைக்கு வந்தன. மண்டலத்தை ஆள்பவர் வாரியத்தின் மிச்சத்தையும் ஆண்டார். மேற்கு மண்டல வாரியப் பணம் ஆக்‌ஷன் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்த வழியை 1962இன் கோக்கர் ஆணையம் வெளிக்கொணர்ந்தது. சாலை, பள்ளிக்கூடம், கடன், வேலை எல்லாம் ஆளுங்கட்சி வழியாக வந்தபோது எதிர்க்கட்சியில் இருப்பது ஓர் ஊருக்குக் கட்டுப்படியாகாத செலவாயிற்று. ஒக்வுதிபா நொலி 1978இல் எழுதிய நூலும், அரசுப் பதவி ஆதரவாளரைப் போஷிக்கும் மானியமாக மாறியதை விளக்கிய ரிச்சர்ட் ஜோசஃப்பின் 1987 நூலும் வெவ்வேறு பாதையில் இந்த இடத்துக்கே நம்மை அழைத்துவருகின்றன. 1964, 1965 தேர்தல்களின் வன்முறை, 1966இன் இரண்டு இராணுவப் புரட்சிகள், வடக்கில் இக்போ மக்கள் மீது நடந்த படுகொலைகள், 1967 முதல் 1970 வரை நீடித்த பியாஃப்ரா போர் ஆகியவற்றின் பின்னே இந்தப் பங்கீட்டுச் சண்டையும் இருந்தது.

சட்டம் போட்ட வேலி

போரின் பாடத்தைச் சட்டம் எழுதியோர் கற்றார்கள். இன்று நடப்பிலுள்ள 1999 அரசமைப்பின்படி கட்சியின் பெயரிலோ சின்னத்திலோ இனச் சாயல் இருக்கக்கூடாது. தலைமையகம் அபுஜாவில் இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்தார் இடம்பெற வேண்டும். குடியரசுத் தலைவராக வெல்பவர் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களில் குறைந்தது கால்வாசி வாக்கு பெற்றிருக்க வேண்டும். சுயேச்சை வேட்பாளருக்கு இடமே இல்லை.

வேலி நல்லது. ஆனால் அதே அரசமைப்பு வேறொரு கதவைத் திறந்து வைத்தது. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஓர் அமைச்சர் வேண்டும். அவர் அந்த மாநிலத்தின் மண்ணின் மைந்தராக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவரா என்பதை அவர் வசிக்கும் ஊர் முடிவு செய்வதில்லை. பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அவ்விடத்துச் சமூகத்தைச் சேர்ந்தவரா என்று பார்க்கிறார்கள். இதற்கான சான்றிதழை உள்ளாட்சி அலுவலகம் கொடுக்கிறது. பல்கலைக்கழக இடத்துக்கும் அரசு வேலைக்கும் அந்தத் தாள் வேண்டும். மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் குடியிருந்தாலும் சிலருக்கு அது கிடைக்காது.

ஜோஸ் நகரத்தின் கண்ணீர் இந்தத் தாளில் இருக்கிறது. 1991இல் ஜோஸ் வடக்கு உள்ளாட்சி உருவாக்கப்பட்டபின், ஹவுசா குடியினரும் பெரோம், அனகுதா, அஃபிசேரே மக்களும் யார் சான்றிதழ் வழங்குவது என்பதில் மோதினார்கள். 2008 நவம்பரில் அங்கே நடந்த உள்ளாட்சித் தேர்தலில் போட்டி பி.டி.பி.க்கும் ஏ.என்.பி.பி. என்ற இன்னொரு கட்சிக்கும் இடையில். முடிவு வெளியாகுமுன்னே நகரம் பற்றி எரிந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இதை மதச் சண்டை என்று எழுதியவர்கள் உண்டு, கட்சிச் சண்டை என்று எழுதியவர்களும் உண்டு. அலுவலக மேசையில் முத்திரை குத்தும் உரிமை யாருக்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் இரண்டு விளக்கங்களும் பொருள்படும்.

வாக்காளர் தாண்டிய கோடுகள்

1993 ஜூன் 12 தேர்தலை நைஜீரியர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். இராணுவ ஆட்சி இரண்டே கட்சிகளை அனுமதித்திருந்தது. யொரூபா முஸ்லிமான எம்.கே.ஓ. அபியோலா, கானோவைச் சேர்ந்த பஷீர் தோஃபாவை வென்றார். தோஃபாவின் சொந்தக் கானோவிலும் வென்றார். அபியோலாவோடு நின்ற துணைத் தலைவர் வேட்பாளரும் முஸ்லிம். அப்படியிருந்தும் கிறித்தவர் பெரும்பான்மையான பெனுவேயும் பிளாட்டோவும் அவருக்கு வாக்களித்தன. அந்த முடிவை ரத்து செய்தது இராணுவத் தலைவர் இப்ராஹிம் பாபாங்கிடாவின் அரசு. இனவெறி கொண்ட மக்கள் ஜனநாயகத்தைக் கெடுக்கிறார்கள் என்று சொல்வோர் இந்த ஒரு நிகழ்வுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

1999இல் போட்டியிட்ட இருவருமே யொரூபா. ஒலுசெகுன் ஒபசாஞ்சோ நாடு முழுதும் வென்று, சொந்தத் தென்மேற்கின் ஆறு மாநிலங்களிலும் தோற்றார். 2011இல் இஜாவ் இனத்தவரான குட்லக் ஜொனாதனுக்கு இக்போ மக்கள் திரண்டு வாக்களித்தார்கள். 2023இல் கட்சினா மாநிலம், தன் மண்ணில் பிறந்த முகமது புகாரி அதிபராக அமர்ந்திருந்தபோதே அவருடைய ஏ.பி.சி.யைக் கைவிட்டு பி.டி.பி. வேட்பாளர் அத்திகுவுக்கு வாக்களித்தது. அதே நாளில் ஏ.பி.சி. வேட்பாளர் போலா தினுபுவின் கோட்டையான லாகோஸில் தொழிற்கட்சியின் இக்போ வேட்பாளர் பீட்டர் ஓபி 5,82,454 வாக்கும் தினுபு 5,72,606 வாக்கும் பெற்றார்கள்.

எதிர்ச்சான்றை மறைக்க முடியாது. ஓபிக்குத் தென்கிழக்கில் கிடைத்த ஆதரவு மலைக்க வைப்பது. அனம்ப்ராவில் அது தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. போருக்குப் பின் தேர்தலில் வென்று ஓர் இக்போ அதிபரானதில்லை என்ற அரை நூற்றாண்டு ஆதங்கம் அதில் இருந்தது. ஆனால் ஓபிக்கு பிளாட்டோவும் நசராவாவும் கிடைத்தன என்பதையும் அதே வரைபடம் காட்டுகிறது. லாகோஸிலோ, மூன்று வாரம் கழித்து மார்ச் 18இல் நடந்த ஆளுநர் தேர்தலில் இக்போ வாக்காளர்கள் மிரட்டப்பட்டார்கள், சில வாக்குச்சாவடிகளில் விரட்டப்பட்டார்கள். அதிபர் தேர்தலில் கைநழுவிய நகரத்தை மீட்க இனம் இப்படி வெளியே எடுக்கப்பட்டது. அது தானாகப் பீறிட்ட பகை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

குவாரா: ஒரு வீட்டின் கதை

இனத்தால் விளக்க முடியாத விசுவாசம் எப்படி இருக்கும் என்பதை இலோரினில் காணலாம். குவாரா மாநிலத்தின் இத் தலைநகரில் அரசியல்வாதி ஒலுசோலா சராக்கியின் இலே அருக்போ, அதாவது 'முதியோர் இல்லம்', இருந்தது. ஏழை முதியவர்கள், பெரும்பாலும் பெண்கள், உணவுக்கும் பணத்துக்கும் அங்கே வருவார்கள். யொரூபா, நூபே, ஃபுலானி, பருபா எனப் பலரும் வாழும் மாநிலத்தில் பல ஆண்டுகள் ஆளுநர் யார் என்பதை இந்தக் குடும்பமே தீர்மானித்தது. கட்சியின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது.

2011இல் தந்தை தன் மகள் பெமிசோலாவை ஆளுநராக்க வேறொரு கட்சியில் நிறுத்தினார். பதவியிலிருந்த மகன் புகோலா பி.டி.பி.யில் தன் ஆளை நிறுத்தினார். தந்தை தோற்றார். மகன் பின்னர் ஏ.பி.சி.க்குப் போனார், 2018இல் மீண்டும் பி.டி.பி.க்கு வந்தார். 2019இல் 'ஓ டோ கே', போதும் போதும் என்ற முழக்கத்தோடு மக்கள் அந்தக் குடும்பத்தின் ஆதிக்கத்தை முடித்துவைத்தார்கள். புதிய மாநில அரசு 2020 ஜனவரியில் இலே அருக்போவை இடித்துத் தள்ளியது. முதிய பெண்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்களுடைய விசுவாசத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அரசு ஓய்வூதியம் எட்டாத இடத்தில் ஒரு வீடு எட்டியது. அவர்கள் அந்த வீட்டின் பக்கம் நின்றார்கள்.

வாக்கு யாருடையது

மீண்டும் அந்தப் பெயரில்லாத சீட்டுக்கு வருவோம். 2007இல் ரிவர்ஸ் மாநிலத்தில் பி.டி.பி.யின் உட்கட்சித் தேர்தலில் வென்ற ரோதிமி அமேச்சியை நீக்கி, கட்சி செலஸ்டின் ஒமேகியாவை வேட்பாளராக்கியது. ஒமேகியா வென்று பதவியேற்றார். அக்டோபர் மாதம் உச்ச நீதிமன்றம், வாக்கு விழுவது கட்சிக்கு, கட்சியின் சட்டப்படியான வேட்பாளர் அமேச்சியே என்று தீர்ப்பளித்தது. தேர்தல் நாளில் நிற்காதவர் ஆளுநரானார். இருவரும் ஒரே இக்வெரே சமூகத்தார். இனக்கணக்கு இங்கே எதையும் சொல்லாது.

2013 நவம்பரில் அதே அமேச்சி, வேறு நான்கு பி.டி.பி. ஆளுநர்களோடு ஏ.பி.சி.யில் சேர்ந்தார். பதவி அவரோடு போயிற்று. வாக்கு கட்சிக்குச் சொந்தம் என்றால், கட்சி மாறியவர் எப்படி நாற்காலியை எடுத்துப்போனார்? கட்சி மாறும் ஆளுநர் பதவி இழப்பார் என்று அரசமைப்பு எங்கும் சொல்லவில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு அந்த விதி உண்டு. கட்சியில் பிளவு ஏற்பட்டால் விலக்கும் உண்டு. உறுப்பினரின் இடத்தைக் காலியென்று அறிவிக்க வேண்டிய அவைத் தலைவரே பல சமயம் தாவியவரின் கூட்டாளி. 2013 டிசம்பரில் முப்பத்தேழு மக்களவை உறுப்பினர்கள் ஏ.பி.சி.க்குத் தாவினார்கள். 2025இல் டெல்ட்டாவின் ஆளுநர் தன் பரிவாரத்தோடு ஆளுங்கட்சிக்குப் போனார். அவருடன் போனவர்களில் ஒருவர், 2023இல் பி.டி.பி.யின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற இஃபியானி ஒகோவா.

ஆளுநர்களுக்கும் கட்சித் தாவல் தடையை விரிவாக்க வேண்டும். சான்றிதழுக்குப் பிறப்பை நீக்கி வசிப்பை அளவுகோலாக்க வேண்டும். இவ்விரண்டும் செய்யப்படாதவரை இனத்தைக் குற்றம் சொல்வது வாக்காளருக்கு இழைக்கும் அநீதி.

வாக்காளரோ விலகிக்கொண்டிருக்கிறார். 2011இல் பதிவு செய்தவரில் ஏறக்குறைய 54 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 2015இல் 44, 2019இல் 35, 2023இல் 27. கடைசித் தேர்தலில் பட்டியலில் இருந்தவர்கள் ஒன்பது கோடியே முப்பத்து நான்கு லட்சத்துக்கும் மேல். வாக்களித்தவர்கள் இரண்டரைக் கோடி. வென்ற தினுபுவின் துடைப்பச் சின்னத்தின் எதிரே ரேகை வைத்தவர்கள் 87,94,726 பேர்.