மேசைமேல் ஒரு வாட்டர்லூ

போரை விளையாட்டாக ஆடலாமா? பல்லாயிரம் பேர் மாண்ட களத்தை மேசைமேல் பரப்பி, ஈயப் பொம்மைகளை நகர்த்திப் பகடை உருட்டுவது மாண்டவர்களை அவமதிப்பதாகாதா? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடிப் புறப்பட்டால், பாதை பெல்ஜியத்தில் தொடங்கி, பெர்லின், தோக்கியோ வழியாகப் பூன் லேக்கு அருகிலேயே வந்து நிற்கிறது.

பலகையில் போர் நடத்துவது தமிழருக்குப் புதிதல்ல. சதுரங்கத்தில் நால்வகைப் படையும் உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும். சமமில்லாத இரு தரப்பினருக்கு இடையிலான போர் அது. ஆனால் இரண்டிலும் எதிராளியின் காய்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உண்மைப் போர்க்களத்தில் அப்படித் தெரிவதில்லை.

நெப்போலியன் அறியாதது

1815 ஜூன் 18. வாட்டர்லூவில் நெப்போலியனிடம் ஏறத்தாழ 72,000 பேர். எதிரே வெலிங்டன் பிரபுவிடம் ஏறத்தாழ 68,000 பேர். முந்தைய இரவு கொட்டிய மழையால் நிலம் சேறாகிவிட்டது. பீரங்கிகளை நகர்த்துவதே சிரமம். குண்டுகளும் தரையில் பட்டுத் தெறித்து ஓடாமல் சேற்றில் புதையும். தரை சற்றுக் காயட்டும் என்று நெப்போலியன் நண்பகல் நெருங்கும்வரை காத்திருந்தார். அந்தத் தாமதம், கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த புளூஹரின் பிரஷ்யப் படைக்கு நேரம் கொடுத்தது. பிரஷ்யரைத் துரத்துவதற்காக மார்ஷல் குரூஷியுடன் அனுப்பிய ஏறத்தாழ 33,000 பேர் திரும்பி வரவேயில்லை.

இந்தப் போரை இன்று மேசையில் அமைப்பவர் சந்திக்கும் முதல் சிக்கல் பொம்மைகள் அல்ல. மேடு, பண்ணை வீடு, காடு எல்லாவற்றையும் அளவு பிசகாமல் செய்துவிடலாம். ஆனால் நெப்போலியனாக ஆடுபவருக்குப் புளூஹர் வருவார் என்பது முன்பே தெரியும். தெரிந்தவர் நண்பகல்வரை காத்திருப்பாரா? குரூஷியை அனுப்புவாரா? முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தைக் குறை சொல்வது எளிது. வரலாறு படிப்பவர் எல்லாருக்கும் உள்ள நோய் இது.

இதற்கு மருந்து கண்டவர் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பிரஷ்ய அதிகாரி. 1824இல் அவர் தம் ஆட்டத்தைப் பெர்லினில் ஆடிக் காட்டினார். சதுரங்கக் கட்டங்களுக்குப் பதிலாக 1:8000 அளவில் வரைந்த உண்மை நில வரைபடம். ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடப் போருக்குச் சமம். துப்பாக்கிச் சூட்டின் விளைவைச் சொல்லப் பகடை. எல்லாவற்றுக்கும் மேலாக இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர். ஆடுபவர்கள் தங்கள் கட்டளைகளை எழுதி அவரிடம் கொடுப்பார்கள். எந்தப் படை யார் கண்ணுக்குத் தெரியும், கட்டளை எப்போது போய்ச் சேரும் என்பதை எல்லாம் அவர்தான் தீர்மானிப்பார்.

அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்து வியந்து, படை முழுவதற்கும் பரிந்துரைத்தவர் தளபதி மூஃப்ளிங். இவர் வாட்டர்லூ போரின்போது வெலிங்டனின் தலைமையகத்தில் பிரஷ்யாவின் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். ஒரு செய்தி தாமதமாவதால் என்ன விளையும் என்பதை அவர் நேரில் கண்டிருந்தார்.

பொம்மைகளுக்கும் அரசியல் உண்டு

இங்கிலாந்தில் வில்லியம் சைபோர்ன் என்ற அதிகாரி வேறு வழியில் போனார். 1830இல் வாட்டர்லூ களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். போரில் கலந்துகொண்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை ஏழு மணியளவில் அவரவர் படை எங்கே நின்றது என்று கேட்டார். 70,000க்கும் மேற்பட்ட சிறு பொம்மைகளோடு ஏறத்தாழ 400 சதுர அடியில் அவர் உருவாக்கிய மாதிரி 1838இல் லண்டனில் மக்கள் பார்வைக்கு வந்தது. அரசாங்கம் பாதியிலேயே பண உதவியை நிறுத்திவிட, அவர் கடனில் மூழ்கினார். பிரஷ்யரின் பங்கு அதில் பெரிதாகத் தெரிகிறது என்ற அதிருப்தி வெலிங்டன் தரப்பில் எழுந்தது. சைபோர்ன் பின்னர் பிரஷ்யப் படையின் இடத்தைத் திருத்தி அமைத்தார். வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு பொம்மைகளையும் விட்டுவைக்கவில்லை.

ஜூரோங் கோடு

பிரஷ்யாவின் போர் விளையாட்டைப் பற்றி நூல் எழுதிய மெக்கல் என்ற அதிகாரி, 1885 முதல் 1888 வரை ஜப்பானிய ராணுவக் கல்லூரியில் கற்பித்தார். அவரிடம் பாடம் கேட்ட ராணுவத்தின் அடுத்தடுத்த தலைமுறைதான் 1942 பிப்ரவரி 8 இரவு சிங்கப்பூரின் வடமேற்குக் கரையில் இறங்கியது.

அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டிய இடம், கிராஞ்சி ஆற்றுக்கும் ஜூரோங் ஆற்றுக்கும் இடையிலான தற்காப்புக் கோடு. இன்றைய பூன் லேயிலிருந்து அதிகத் தொலைவில்லை. அங்கு நின்றவர்களில் 44ஆம் இந்தியப் பிரிகேடும் ஒன்று. நிலைமை மோசமானால் நகரைச் சுற்றி எங்கே நிற்பது என்று தளபதி பெர்சிவல் ஒரு ரகசியத் திட்டத்தை அனுப்பியிருந்தார். அதை உடனடிக் கட்டளை என்று ஒரு பிரிகேட் தளபதி தவறாகப் புரிந்துகொண்டு தம் படையைப் பின்வாங்கச் செய்தார். பிப்ரவரி 10ஆம் தேதியே கோடு கலைந்தது. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பும் இதே கதைதான். முரணான கட்டளைகளால் நெப்போலியனின் படையில் ஏறத்தாழ 20,000 பேர் இரண்டு போர்க்களங்களுக்கு இடையே அலைந்து, எதிலும் சண்டையிடாமல் போனார்கள்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. ஜப்பானியர் வடக்கிலிருந்து, தென் தாய்லாந்திலும் கோத்தா பாருவிலும் இறங்கி வரக்கூடும் என்று 1937இலேயே கணித்துக் காட்டியவர் இதே பெர்சிவல்தான். காகிதத்தில் கண்ட எச்சரிக்கைக்கு ஏற்ற விமானங்களும் கவச வாகனங்களும் வந்து சேரவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைய வேண்டியவரும் அவரே ஆனார். இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பார்க் திடலில் ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

வென்றவர்களும் பாடம் கற்கவில்லை. அதே ஆண்டு மே மாதம், மிட்வே தாக்குதலை ஜப்பானியக் கடற்படை மேசையில் ஆடிப் பார்த்தது. தங்கள் விமானந்தாங்கிக் கப்பல்கள்மீது ஒன்பது குண்டுகள் விழுந்ததாகப் பகடை சொன்னபோது, நடுவராக இருந்த தளபதி உகாக்கி அதை மூன்றாகக் குறைத்தார். ஜூன் மாதம் உண்மைக் கடலில் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. அங்கே குறைத்துச் சொல்ல நடுவர் இல்லை.

நடுவரின் நேர்மை

பூன் லேக்கு மேற்கே அப்பர் ஜூரோங் சாலையில் 1995 முதல் சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகம் இயங்குகிறது. தரையில் மணலைக் குவித்து மலையும் ஆறும் அமைத்துத் திட்டம் விளக்குவது தேசிய சேவை செய்த பலருக்கும் பழகிய காட்சி. மணலில் குன்று செய்வது கடினமல்ல. "இந்தத் திட்டம் தோற்கும்" என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லும் நடுவரை உருவாக்குவதுதான் கடினம்.

ஆகவே, மேசைமேல் போரை ஆடுவது மாண்டவர்களை அவமதிப்பதாகாது. விரும்பிய முடிவு வருவதற்காகப் பகடையைத் திருத்துவதுதான் அவமதிப்பு. அந்தத் திருத்தத்தின் விலையைக் கொடுப்பவர்கள், மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் அல்லர், கோட்டில் நிற்பவர்கள்.