அண்டை வீட்டாரும் அரசமைப்பும்: ஆஸ்திரேலியக் குடிவரவுத் தடுப்புக்கு எதிரான மக்கள் இயக்கம், 1992–2024

படகில் வந்த கம்போடியரைக் காவலிலேயே வைத்திருப்பதற்காக 1992 மே மாதம் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தியது. ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சி. காவலுக்கு 273 நாள் வரம்பு இருந்தது; 1994இல் அது நீங்கியது, விசா இல்லாத எவரையும் அடைப்பது கட்டாயமானது. குற்றமும் தண்டனையும் விடுதலை நாளும் இல்லாத சிறை இப்படித்தான் உருவானது. அதே 1992இல் லிம் வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் இத்தகைய காவலைப் பொதுவாக ஏற்றது. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது, அரசு நிர்வாகத்துக்கு இல்லை என்றும் சொல்லிவைத்தது. இந்த வரி பின்னால் முக்கியமாகும்.

2001 ஆகஸ்டில் டாம்பா என்ற நார்வே கப்பல் காப்பாற்றிய 433 பேரை ஆஸ்திரேலியா கரையேற்ற மறுத்தது. அதற்கு எதிர்ப்பு சிட்னியின் இடதுசாரி வட்டங்களில் எழுந்ததில் வியப்பில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பௌரல் என்ற சிற்றூரில் மூன்று பெண்கள் கூடி ‘அகதிகளுக்கான ஊரக ஆஸ்திரேலியர்’ என்ற அமைப்பைத் தொடங்கியதும், அது ஊர் ஊராகக் கிளைவிட்டதும்தான் புதிது. உள்ளே இருந்தவர்களும் வாளாவிருக்கவில்லை. 2002 ஜனவரியில் வூமெரா பாலைவன முகாமில் உண்ணாநிலை இருந்தவர்களில் சிலர் தம் உதடுகளைத் தைத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு ஈஸ்டரின்போது வெளியிலிருந்து வந்த போராட்டக்காரர்கள் வேலியைச் சாய்க்க, ஏறத்தாழ 50 பேர் தப்பினார்கள். பெரும்பாலோர் மீண்டும் பிடிபட்டார்கள். வேலி சாய்ந்த காட்சி உலகெங்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஊரக மக்களின் மனத்தை மாற்றியது, யங் போன்ற ஊர்களின் இறைச்சித் தொழிற்சாலைகளில் தற்காலிக விசாவில் வேலை பார்த்த ஆப்கானியரோடு நாள்தோறும் பழகியதுதான் என்று கருதுகிறேன்.

அந்தப் பழக்கத்தின் வலிமை முழுதாக வெளிப்பட்டது குயின்ஸ்லாந்தின் பிலோயிலாவில். பழைமைவாதக் கட்சிக்கு வாக்களித்துப் பழகிய மாட்டுப் பண்ணை வட்டாரம் அது. தனித்தனிப் படகுகளில் வந்த ஓர் ஈழத்தமிழ் ஆணும் பெண்ணும் மணந்து அங்கே குடியேறினார்கள். கணவர் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளி. மனைவி உள்ளூர் மருத்துவமனை ஊழியர்களுக்குக் கறி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். இரு மகள்களும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் ஒரு விடிகாலை அதிகாரிகள் நால்வரையும் பிடித்து மெல்பர்னுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை ஊருக்கு மீட்க ‘ஹோம் டு பிலோ’ இயக்கம் பிறந்தது. 2019 ஆகஸ்டில் நாடுகடத்தும் விமானம் பறந்துகொண்டிருந்தபோதே நீதிபதியின் தடை தொலைபேசி வழியே வந்தது. விமானம் டார்வினில் இறங்கியது. அடுத்து கிறிஸ்துமஸ் தீவுத் தடுப்பு முகாம். 2021 ஜூனில் இளைய மகள் கடுமையாக நோயுற்றுப் பெர்த்துக்குக் கொண்டுவரப்பட்டாள். 2022 மே தேர்தலில் ஆட்சி மாறியது, ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. தமிழர் என்பதையோ அகதி என்பதையோ விட ‘எங்கள் ஊர்க்காரர்’ என்பதையே இயக்கத்தார் முன்னிறுத்தினார்கள். வென்றது அந்தச் சொல்தான்.

அதன் எல்லையும் அதுவேதான். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து படகேறிய 157 ஈழத்தமிழரை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து, சுங்கக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்திருந்தது. எந்த ஊரிலும் வாழ்ந்திராத அவர்களை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்ல யாரும் இல்லை. அந்தக் காவல் குறித்த வழக்கில் 2015 ஜனவரியில் ஹைகோர்ட் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. பிலோயிலாக் குடும்பத்துக்கு விசா கொடுத்ததும் அமைச்சரின் தனி அதிகாரம். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

2014 டிசம்பரில் வந்த திருத்தம் சிறையையும் முகாமையும் ஒரே பாதையில் இணைத்தது. ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கும் வெளிநாட்டவரின் விசா கட்டாயமாக ரத்தாகும்; தண்டனை முடிந்ததும் அவர் தடுப்பு முகாமுக்குப் போவார். இவர்களுக்காக எந்த ஊரும் மனு எழுதாது. நாடற்றவர்களுக்கோ 2023 வரை அங்கிருந்து வெளியேற வழியே இருக்கவில்லை. அவர்களைக் காலவரையின்றி அடைக்கலாம் என்று 2004இல் அல்-கதேப் வழக்கில், அதுவும் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், ஹைகோர்ட் தீர்ப்பளித்திருந்தது.

அத்தீர்ப்பை உடைத்தவர் என்இசட்ஒய்கியூ என்ற குறியீட்டால் அறியப்படும் ரோஹிங்கியா ஒருவர். சிறுவர் மீதான பாலியல் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை பெற்றவர். ஊரார் அணைத்துக்கொள்ளும் மனிதரல்லர். மனித உரிமைச் சட்ட மையம் போன்ற அமைப்புகள் நீதிமன்றத்துக்கு வாதுரைகளை அளித்தன. 2023 நவம்பர் 8 அன்று, அனுப்ப நாடே இல்லாதவரை அடைத்துவைப்பது தண்டனையே என்று ஹைகோர்ட் கூறியது. 1992இன் லிம் கோட்பாடு 31 ஆண்டுகள் கழித்து வேலை செய்தது. 140க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். சில நாட்களிலேயே நாடாளுமன்றம் அவர்களுக்குக் கணுக்கால் கண்காணிப்புப் பட்டையும் இரவு ஊரடங்கும் விதித்தது. 2024 நவம்பரில் ஹைகோர்ட் அவற்றையும் தண்டனை என்று சொல்லி நீக்கியது. அம்மாதம் முடியுமுன், பணம் கொடுத்து இவர்களை மூன்றாம் நாடுகளுக்கு அனுப்ப வழிசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதை எதிர்த்தவர்களில் பிலோயிலாக் குடும்பத்துக்கான மனுவில் கையெழுத்திட்ட லட்சக்கணக்கானோரின் குரல் பெரிதாகக் கேட்கவில்லை. வழக்காடும் சில அமைப்புகளும் தன்னார்வ வழக்கறிஞர்களுமே முன்னின்றார்கள்.