ஒரே களம், இரு போர்கள்: கண்டி மீதான 1803, 1815 ஆம் ஆண்டுப் படையெடுப்புகள்

கணினித் திரையிற் போர் விளையாட்டொன்றின் இரண்டாம் பாகம் வெளிவருமாயின், முதற்பாகத்துச் சண்டை முறையிலிருந்த குறைகள் எவ்வாறு களையப்பட்டுள்ளன என்பதையே ஆடுவோர் முதலில் நோக்குவர். களமும் பகைவனும் மாறாதிருக்கலாம். ஆடும் முறை மாறியிருக்கும். வரலாற்றிலும் இத்தகைய இரண்டாம் பாகங்கள் உள. பிரித்தானியர் 1803 ஆம் ஆண்டிற் கண்டி மீது படையெடுத்துப் பெருந்தோல்வி கண்டனர். 1815 ஆம் ஆண்டில் அதே மலைகளின் மீது, அதே மன்னனுக்கு எதிராகப் படையெடுத்து ஏறக்குறையக் குருதி சிந்தாமலே வென்றனர். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய துப்பாக்கிகள் புதியனவாகவில்லை, மலைகள் தாழவில்லை, மழையுங் காய்ச்சலும் குறையவில்லை. அங்ஙனமாயின் மாறியது யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி இராச்சியத்தின் போர்முறையை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். கண்டியரசர் பெரிய நிலையான படையை வைத்திருந்தவரல்லர். திசாவைமாரும் ஏனைய பிரதானிகளும் தத்தம் மாகாணங்களிலிருந்து, இராச காரிய முறைப்படி சேவைக் கடமையுடைய குடிமக்களைத் திரட்டி வருவதே வழக்கம். அவர்களிடம் வில்லும் ஈட்டியும் துப்பாக்கியும், தோளிற் சுமந்து செல்லத்தக்க கொடித்துவக்கு எனுஞ் சிறு பீரங்கியும் இருந்தன. பகைவன் மலையேறி வருகையில் அவனை வெளியில் எதிர்த்து நின்று பொருதல் அவர்தம் முறையன்று. அவனை உள்ளே வரவிடுவர். தலைநகரை வெறுமையாக்கி விட்டு மன்னனுங் குடிகளும் காட்டிற்குட் செல்வர். உணவு வரும் வழிகளை அடைப்பர். மழையும் நோயும் தம் பணியைச் செய்யுமட்டுங் காத்திருப்பர். பின்னர், மெலிந்து திரும்பும் படையை ஒடுங்கிய கணவாய்களிலும் ஆற்றுத் துறைகளிலும் வைத்துத் தாக்குவர்.

இம்முறையின் வலிமையை முதலில் உணர்ந்தவர் போர்த்துக்கேயர். 1594 ஆம் ஆண்டில் தந்துறையிலும், 1630 ஆம் ஆண்டில் ஊவாவின் ரந்தெனிவெலையிலும், 1638 ஆம் ஆண்டிற் கன்னொறுவையிலும் அவர்தம் படைகள் அழிந்தன. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து மகாவலி கங்கையைக் கடந்தால் எய்தக்கூடிய இடமே கன்னொறுவை. ஒல்லாந்தர் 1765 ஆம் ஆண்டிற் கண்டி நகரைக் கைப்பற்றியபோதும், சில மாதங்களுக்குள் பசியாலும் நோயாலும் அதனைக் கைவிட்டு மீண்டனர். கண்டியைப் பிடித்தல் எளிது, வைத்திருத்தலே அரிது என்பதே இந்நிகழ்ச்சிகள் அனைத்தும் உணர்த்திய பாடம். ஆயினும் 1796 ஆம் ஆண்டிற் கரையோர மாகாணங்களைப் பெற்ற பிரித்தானியர் இப்பாடத்தைத் தாமே மீண்டும் படிக்க வேண்டியவராயினர்.

1798 ஆம் ஆண்டில் இராசாதி இராசசிங்கன் இறக்க, முதலாம் அதிகாரான பிலிமத்தலாவ, நாயக்க மரபினனான கண்ணுசாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் என்னும் பெயருடன் அரியணையேற்றினான். தன் கைப்பாவையாக அவன் இருப்பான் என்பதே அதிகாரின் எண்ணம். எண்ணம் பிழைத்ததும், தேசாதிபதி நோர்த்துடன் அவன் இரகசியமாகப் பேசலானான். பிரித்தானியப் பகுதியைச் சேர்ந்த வணிகரின் பாக்கு கண்டிப் பகுதியிற் பறிக்கப்பட்டமை போருக்குரிய காரணமாகக் காட்டப்பட்டது. 1803 சனவரி இறுதியிற் படைத்தலைவர் மக்டவல் கொழும்பிலிருந்தும், அடுத்த சில நாட்களிற் கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். ஏறத்தாழ மூன்று வாரங்களில் இரு படைகளுங் கண்டியை அடைந்தன. அங்கே அவர்களை வரவேற்றது ஆளற்ற நகரமும் எரியும் கட்டடங்களுமே.

பிரித்தானியர் தம்மிடம் அடைக்கலம் புகுந்திருந்த முத்துசாமி என்னும் அரச உறவினனை மன்னனாக முடிசூட்டினர். அவனுக்குப் பணிய மலைநாட்டிலிருந்து எவரும் வந்திலர். மன்னனைத் தேடி அங்குராங்கெத்தைக்குச் சென்ற படை வெறுங்கையுடன் திரும்பியது. மழை தொடங்கியது, காட்டுக் காய்ச்சல் பரவியது, சுமைகாவும் கூலியாட்கள் ஓடினர். ஏப்பிரலில் மக்டவல் பெரும்படையுடன் கொழும்பிற்கு மீண்டபோது, ஏறத்தாழ 1,000 பேர் கண்டியில் விடப்பட்டனர். நாளடைவில் அவருட் பெரும்பாலார் நோயாளராயினர். பார்பட்டும் காய்ச்சலால் இறக்க, தலைமை மேஜர் டேவியிடம் வந்தது.

சூன் 24 ஆம் நாள் கண்டியர் அரண்மனையைத் தாக்கினர். டேவி, திருகோணமலைக்குச் செல்ல வழிவிடுதல் வேண்டும் என்ற உடன்பாட்டுடன் சரணடைந்தார். எஞ்சியோர் வட்டப்புலுவைத் துறையை அடைந்தபோது மகாவலி பெருக்கெடுத்தோடியது, கடக்க ஓடமில்லை. முத்துசாமியை ஒப்படைக்குமாறு மன்னன் கேட்க, அவ்வாறே ஒப்படைத்தனர், அவன் கொல்லப்பட்டான். பின்னர் படைக்கலங்கள் வாங்கப்பட்டுப் படையினரும் கொல்லப்பட்டனர். நகரில் விடப்பட்டிருந்த நோயாளருக்கும் அதே கதி நேர்ந்தது. தப்பி வந்து செய்தி கூறியவர் பார்ன்சிலி என்னுங் கோப்ரல் ஒருவர். டேவி பல ஆண்டுகள் சிறையிருந்து கண்டியிலேயே மாண்டார்.

இத்தோல்விக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் மழையும் நோயும் கண்டியரின் வஞ்சகமுமாம். இவை பொய்யல்ல, ஆயினும் மேற்போக்கானவை. மழையும் நோயும் ஒல்லாந்தருக்கும் நேர்ந்தவை, முன்னரே அறியக்கூடியவை. உண்மைக் குறை அறிவுக் குறையே. பிலிமத்தலாவ ஒருவனின் சொல்லையன்றி வேறு செய்தி பெறும் வழி நோர்த்திடம் இருக்கவில்லை. பிரதானிகள் யாரைச் சார்ந்து நிற்பர், குடிகள் யாருக்குப் பணிவர் என்பதை அறியாமலே, நகரைப் பிடித்தால் நாட்டைப் பிடித்ததாகும் என அவர் நம்பினார். மக்கள் ஏற்காத ஒருவனுக்கு முடிசூட்டியமை இந்நம்பிக்கையின் விளைவேயாகும்.

தோல்வியின் படிப்பினை உடனே உணரப்படவில்லை. 1804 ஆம் ஆண்டிற் பல திசைகளிலிருந்து படை செலுத்தத் திட்டமிடப்பட்டுப் பின்னர் அது கைவிடப்பட்டது. கட்டளையிலிருந்த தெளிவின்மையால், மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 300 பேருடன் புறப்பட்ட கப்டன் ஜோன்ஸ்ரன் மட்டுந் தனித்துக் கண்டியை அடைந்தார். ஏனைய படைகளைக் காணாது, சண்டையிட்டவாறே திருகோணமலைக்கு மீண்டார். 1810 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், மலைக்காட்டிற் படை நடத்துதல் பற்றிய நேரடி அனுபவத்தைப் பின்வந்தோருக்கு வைத்துச் சென்றது. 1805 ஆம் ஆண்டிற் பதவியேற்ற தேசாதிபதி மெயிற்லண்ட் போரை நிறுத்தினார், உடன்படிக்கையுஞ் செய்திலர். காத்திருத்தல் என்னும் கண்டியரின் பழைய படைக்கலத்தை இப்போது பிரித்தானியரே கையிலெடுத்தனர்.

இக்காத்திருப்பின் காலத்திற் பணியாற்றியவர் ஜோன் டொயிலி. 1801 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இவ்வதிகாரி, மாத்தறையிற் பௌத்த பிக்குவிடம் சிங்களம் கற்றுத் தேர்ந்து, அரசின் முதன்மை மொழிபெயர்ப்பாளரானார். பிக்குமார், வணிகர், எல்லைப்புறத் தலைவர்கள் ஆகியோர் வாயிலாக மலைநாட்டுச் செய்திகள் அவரிடம் வந்து குவிந்தன. எந்தப் பிரதானி மன்னன் மீது மனக்குறையுடையவன், எவன் யாருடன் பகைமை பூண்டவன், எவ்வழியில் எத்தனை காவலர் என்பவற்றை அவர் நாள்தோறும் எழுதி வைத்தார். 1810 முதல் 1815 வரையிலான அவருடைய நாட்குறிப்பு 1917 ஆம் ஆண்டில் அச்சேறியது. அதனைப் படிப்போர், கண்டி மீதான இரண்டாம் போர் படைநகர்வதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிட்டது என்பதை உணர்வர்.

மறுபுறத்தில், வென்ற பக்கம் தன் வெற்றியின் காரணத்தை மறந்தது. 1803 இற் கண்டியைக் காத்தது பிரதானிகளுங் குடிகளும் மன்னனோடு ஒன்றி நின்றமையே. ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அவ்வொருமைப்பாட்டைத் தானே குலைத்தான். 1811 அளவிற் பிலிமத்தலாவ சிரச்சேதம் செய்யப்பட்டான். கண்டி வாவி கட்டாய உழைப்பினால் அமைந்தபோது குடிகளின் மனக்கசப்பு மிகுந்தது. 1814 ஆம் ஆண்டில் முதலாம் அதிகாரான எகலப்பொல சப்பிரகமுவையிற் கிளர்ந்து, தோற்றுக் கொழும்பிற்குத் தப்பியோட, அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் கண்டியிற் கொல்லப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியிற் கரையோர வணிகர் சிலர் அங்கம் வெட்டப்பட்டனர். மன்னனின் கொடுமைகளைப் பிரித்தானியர் பெருக்கிக் கூறினர் என்பது உண்மையே. ஆயினும் பிரதானிகளின் அச்சம் கற்பனையன்று.

1815 சனவரி 10 ஆம் நாள் தேசாதிபதி பிறவுன்றிக் போர்ப் பிரகடனஞ் செய்தார். தம் போர் மன்னனுக்கு எதிரானதேயன்றிக் கண்டி மக்களுக்கு எதிரானதன்று என்பது அதன் சாரம். கொழும்பு, காலி, நீர்கொழும்பு, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்து எட்டுப் பிரிவுகள் புறப்பட்டன. ஒருவழி அடைபடினும் மறுவழி திறந்திருத்தல் வேண்டும் என்பது இத்திட்டத்தின் நோக்கு. ஆயினும் வழிகளை அடைப்பார் பெரிதும் இருந்திலர். மொல்லிகொட அதிகாருந் தன் குடும்பத்தைப் பாதுகாப்பில் வைத்தபின் பிரித்தானியர் பக்கஞ் சேர்ந்தான். பெப்ரவரி 14 ஆம் நாள் நகரம் பிடிபட்டது. மன்னன் முன்போலவே தும்பறை மலைகளுக்குள் மறைந்தான். ஆயின் இம்முறை காடு அவனைக் காக்கவில்லை. பெப்ரவரி 18 ஆம் நாள் மெதமகாநுவரைக்கு அண்மையில், எகலப்பொலவின் ஆட்களே அவனைப் பிடித்துக் கொடுத்தனர்.

இரு போர்களையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நகரை அடைவதில் இரண்டாம் படையெடுப்பு முதலாவதினும் விரைவானதன்று. 1803 இல் மூன்று வாரம், 1815 இல் ஐந்து வாரம். துப்பாக்கியின் ஆற்றலிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. திருந்தியது சண்டையிடும் முறையன்று. சண்டைக்குரிய தேவையே அகற்றப்பட்டது. முதற்போர் இடத்தைக் குறிவைத்தது. இரண்டாம் போர் பற்றுறுதியைக் குறிவைத்தது. கண்டியின் அரண் பலனைக் கணவாயோ மகாவலியோ அன்று, திசாவையின் அழைப்பிற்குக் குடிமகன் வருவான் என்னும் உறுதியே என்பதைப் பிரித்தானியர் கண்டுகொண்டனர். அவ்வுறுதியை மன்னனும் மறந்திருந்தான்.

இவ்வெற்றிக்குக் கையாளப்பட்ட மற்றொரு கருவி தமிழ் மாணவர் கருத்தூன்றி நோக்கத்தக்கது. மன்னன் ‘மலபாரி’, அந்நியன் என்ற பேச்சு போர்க்கருவியாக்கப்பட்டது. 1815 மார்ச் 2 ஆம் நாள் அரண்மனை மண்டபத்தில் நிறைவேறிய கண்டி ஒப்பந்தம், நாயக்க மரபின் உரிமை முழுவதையும் நீக்கி, மன்னனின் ஆண் உறவினர் இராச்சியத்துட் புகுதலையுந் தடுத்தது. 1739 முதல் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டியையாண்டு, பௌத்த மறுமலர்ச்சியைப் போற்றிய மரபு ஒரே நாளில் அந்நியமாக்கப்பட்டது. அதே ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்ட பிரதானிகள் சிலரின் ஒப்பங்களிலே தமிழெழுத்துக்கள் காணப்படுகின்றன. பிரித்துக் காட்டிய ஏட்டிலேயே பின்னிக் கிடந்த பண்பாட்டின் சுவடும் பதிந்துள்ளது. வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832 ஆம் ஆண்டில் அங்கே இறந்தான்.

சண்டையின்றிப் பெற்ற வெற்றி நிலைத்ததா? 1817 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊவா, வெல்லசைப் பகுதிகளிற் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவையே கிளர்ச்சியாளர் பக்கஞ் சேர்ந்தான். அவர்கள் முன்னிறுத்திய உரிமை கோரியோன் தன்னை நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி எனக் கூறிக்கொண்டமை சிந்திக்கற்பாலது. அந்நியர் என ஏட்டில் ஒதுக்கப்பட்டவரின் பெயரே குடிகளை ஒன்றுதிரட்டப் பயன்பட்டது. இந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்ட படைகளோடு, ஊர்களையும் வயல்களையும் அழித்தே பிரித்தானியர் கிளர்ச்சியை அடக்கினர். கெப்பெட்டிப்பொல 1818 நவம்பர் 26 ஆம் நாள் போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்டான். எகலப்பொலவும் ஐயத்திற்குள்ளாகி, மொறீசியசிற்கு நாடுகடத்தப்பட்டு 1829 ஆம் ஆண்டில் அங்கே மாண்டான். அதன்பின் தேசாதிபதி பார்ன்சு காலத்திற் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி அமைந்தது. பற்றுறுதி எவர் பக்கம் நிற்பினும் படை செல்லத்தக்க வழி அதுவே.

1803 இற் பெறாத குருதி விலையை 1818 இல் மலைநாட்டு மக்கள் செலுத்தினர். ஆதலால் இரண்டாம் போரின் திருத்தத்தை வெறும் போர்த்திறனாகப் போற்றுதல் பொருந்தாது. தோற்றவன் தன் தோல்வியை ஆராய்ந்தான். வென்றவன் தன் வெற்றியை ஆராய்ந்திலன். கண்டியின் வீழ்ச்சிக்கு அடிப்படை இதுவே. வட்டப்புலுவைத் துறையிற் பிரித்தானியரை நிறுத்தியது மகாவலியின் வெள்ளமன்று. கரையில் ஓடம் விட ஒருவரும் முன்வராமையே. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மன்னனுக்கு நேர்ந்ததும் அதுவே.