பதிவு இருப்புச் சோதனை (தரவுத்தளம்)

தரவுத்தளத்தில் எழுத வேண்டிய பதிவு புதியதா, அங்கே ஏற்கெனவே இருப்பதா என்று கண்டறிவது பதிவு இருப்புச் சோதனை எனப்படும். புதியது என்றால் இன்சர்ட் கட்டளையும், இருப்பது என்றால் அப்டேட் கட்டளையும் பயன்படுகின்றன. முதன்மைத் திறவுகோல் அல்லது மின்னஞ்சல், கைப்பேசி எண் போன்ற நெடுவரிசைகளின் மேல் இடப்படும் தனித்துவக் கட்டுப்பாடு இந்தச் சோதனைக்கு அடிப்படையாகிறது.

நிரலில் சோதித்தல்

தரவுத்தளத்தை நிரலின் பொருள்களோடு இணைக்கும் கட்டமைப்புகள், ஒவ்வொரு பொருளும் சேமிக்கப்பட்டதா என்பதைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. ரூபி ஆன் ரெயில்ஸில் 'நியூ_ரெக்கார்ட்?' என்ற செயற்கூறு இதைச் சொல்லும். சேமித்து முடித்ததும் அதன் விடை 'இல்லை' என்று மாறிவிடுவதால், சற்று முன் உருவான பதிவை அடையாளம் காண 'பிரீவியஸ்லி_நியூ_ரெக்கார்ட்?' என்பது 6.1 பதிப்பில் (2020) சேர்க்கப்பட்டது. லாராவெலில் 'வாஸ்ரீசென்ட்லிகிரியேட்டட்' என்ற பண்பு இதே வேலையைச் செய்கிறது. ஜாங்கோவின் 'கெட்_ஆர்_கிரியேட்' பதிவோடு சேர்த்து, அது இப்போதுதான் உருவாக்கப்பட்டதா என்ற விடையையும் திருப்பித் தருகிறது.

அடையாள எண் காலியாக இருந்தால் பதிவு புதியது என்பது பரவலான விதி. எண்ணைத் தரவுத்தளமே வழங்கும்போது இது பொருந்தும். நிரலே யுயுஐடி என்ற தனித்துவ அடையாள எண்ணை உருவாக்கி இட்டால் புதிய பதிவிலும் எண் இருக்கும்; விதி பொய்த்துவிடும். இந்த நிலைக்காக ஸ்பிரிங் டேட்டா, 'பெர்சிஸ்டபிள்' என்ற இடைமுகத்தின் வழியே புதியதா என்பதை நிரலாளரே அறிவிக்க இடம் தருகிறது.

போட்டி நிலை

முதலில் செலக்ட் கட்டளையால் தேடி, கிடைக்காவிட்டால் இன்சர்ட் செய்வது எளிய முறை. ஆனால் ஒரே மின்னஞ்சலுடன் இரு கோரிக்கைகள் ஒரே சமயத்தில் வந்தால், இரண்டுமே 'இல்லை' என்ற விடையைப் பெற்று, இரண்டுமே எழுத முற்படும். இதைப் போட்டி நிலை என்பர். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் இயல்பான தனிமைப்படுத்தல் மட்டத்தில், இரு கட்டளைகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்தாலும் இது நீங்காது. தேடலில் கிடைக்கும் விடை தேடிய கணத்துக்கு மட்டுமே உரியது. எழுதும் கணத்தில் இரட்டைப் பதிவைத் தடுப்பது தனித்துவக் கட்டுப்பாடே. கட்டுப்பாடு மீறப்பட்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 23505 என்ற பிழைக்குறியையும், மைஎஸ்கியூஎல் 1062 என்ற பிழை எண்ணையும் தருகின்றன. ரெயில்ஸ் 6.0 இல் வந்த 'கிரியேட்_ஆர்_ஃபைண்ட்_பை' இதை ஒட்டி, முதலில் எழுத முயன்று, தடுக்கப்பட்டால் மட்டும் தேடுகிறது.

ஒற்றைக் கட்டளை முறை

சேர்த்தலையும் திருத்தலையும் ஒரே கட்டளையில் செய்வது 'அப்சர்ட்' எனப்படும். எஸ்கியூஎல் தரத்தில் மெர்ஜ் கட்டளை 2003 இல் இடம்பெற்றது. மைஎஸ்கியூஎல் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' என்ற வடிவத்தைப் பின்பற்றுகிறது. 'ஆன் கான்ஃப்ளிக்ட்' வடிவம் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 2016 இல் வெளியான 9.5 பதிப்பிலும், எஸ்கியூலைட்டில் 2018 இல் வெளியான 3.24 பதிப்பிலும் வந்தது.

எழுதிய பின், நடந்தது சேர்த்தலா திருத்தலா என அறியும் வழி தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபடும். மைஎஸ்கியூஎல் தன் இயல்பான அமைப்பில், பாதிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையாகப் புதிய வரிசைக்கு 1, திருத்தப்பட்டதற்கு 2, மதிப்பு மாறாததற்கு 0 என்று தரும். எஸ்கியூஎல் சர்வரில் மெர்ஜ் கட்டளையின் அவுட்புட் பகுதியிலும், போஸ்ட்கிரெஸ்கியூஎல் 17 இல் (2024) 'மெர்ஜ்_ஆக்‌ஷன்' செயற்கூற்றிலும் இந்த விவரம் கிடைக்கிறது.

வரம்புகள்

திறவுகோலாகக் கொண்ட மதிப்பு சீராக இல்லாவிட்டால் சோதனை பயனற்றுப்போகும். மின்னஞ்சலின் பெரிய எழுத்து வடிவத்தையும் சிறிய எழுத்து வடிவத்தையும் மைஎஸ்கியூஎல் இயல்பாக ஒன்றெனக் கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டெனக் கொள்ளும். தனித்துவ நெடுவரிசை காலியாக உள்ள வரிசைகளை இவ்விரண்டும் இயல்பாக எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும். ஆகவே மதிப்புகளை எழுதுமுன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதும், கட்டாய நெடுவரிசைகள் காலியாக இருப்பதைத் தடுப்பதும் இச்சோதனையோடு சேர்த்தே செய்யப்படுகின்றன.