சந்திரா எடுத்த குரூப்

எங்க தெருவுல ஒரு தம்பி பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கறான். எம்.எஸ்ஸி.ல எந்தப் பிரிவு எடுக்கறதுன்னு பயங்கரக் குழப்பம். நோணாங்குப்பத்துல சுண்ணாம்பாறு படகுத்துறைக்கு வழி கேட்டா ஆயிரம் பேர் சொல்வாங்க, இதுக்கு யார் சொல்றது? அதனால இன்ஜினியரிங் படிச்சிட்டு கோடு எழுதிப் பிழைக்கற என்கிட்ட வந்துட்டான். "அண்ணா, எலக்ட்ரானிக்ஸ் எடுத்தா வேலை கிடைக்கும்ங்கறாங்க. எனக்கு அஸ்ட்ரோ தான் புடிச்சிருக்கு. தப்பா எடுத்துட்டா அவ்ளோதானாண்ணா?"

அவனுக்கு அறிவுரை சொல்ற தகுதி எனக்கு இல்லை. ஆனா இதே இடத்துல நின்ன ஒரு பையனோட கதை தெரியும். இங்கேர்ந்து பஸ் ஏறினா மூணு, மூணரை மணி நேரத்துல போயிடற சென்னை மாநிலக் கல்லூரியில, கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது.

சுப்ரமணியன் சந்திரசேகர். சந்திரான்னுதான் உலகமே கூப்பிட்டுது. அவரைப் பத்தி நமக்கெல்லாம் தெரிஞ்சது கப்பல் கதைதான்: 19 வயசுல இங்கிலாந்து போற வழியில, கப்பல்லயே கணக்குப் போட்டார், அதுக்கு 1983ல நோபல் கிடைச்சுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கப்பல் ஏறினது 1930 ஜூலை 31. அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்தை யாரும் சொல்றதில்லை. எனக்கு அந்த அஞ்சு வருஷம்தான் சுவாரசியம்.

1925ல மாநிலக் கல்லூரியில சேர்றார். இன்டர்மீடியட் முடிஞ்சு 1927ல ஆனர்ஸுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கணும். பையனுக்குக் கணிதம்தான் ஆசை. காரணம் ராமானுஜன். 1920 ஏப்ரல்ல ராமானுஜன் இறந்த செய்தியைப் பேப்பர்ல பார்த்து அம்மா சொன்னாங்க, அப்போ இவருக்குப் பத்து வயசு கூட நிரம்பலை. அது மனசுல அப்படியே தங்கிடுச்சு. (அம்மா சீதாலட்சுமி சும்மா ஆள் இல்லைங்க, இப்சனோட நாடகம் ஒண்ணை, 'பொம்மை வீடு' அப்படிங்கற அர்த்தத்துல பேர் வெச்சது, தமிழ்ல மொழிபெயர்த்தவங்க.)

அப்பா சுப்ரமணிய அய்யர் ரயில்வே கணக்குத் துறையில பெரிய அதிகாரி. அவருக்குப் பையன் ஐ.சி.எஸ். ஆகணும். அதுக்கு இயற்பியல்தான் தோதுன்னு நினைச்சார். கடைசியில சந்திரா சேர்ந்தது இயற்பியல் ஆனர்ஸ். ஆனா போய் உட்கார்ந்தது கணித வகுப்புல!

இங்க அப்பாவை வில்லனாக்கிடறது ரொம்ப சுலபம். எனக்கு அப்படித் தோணலை. அந்த வீட்டுலயே ஒரு முன்மாதிரி இருந்துது. அவரோட தம்பி சி.வி.ராமன். இதே மாநிலக் கல்லூரி. 1907ல எம்.ஏ. முடிச்ச கையோட நிதித்துறைப் பரீட்சை எழுதி, கல்கத்தாவுல கணக்கு அதிகாரி ஆனவர். காலையிலயும் சாயங்காலமும் ஆய்வுக்கூடம், நடுவுல ஆபீஸ்... பத்து வருஷம். 1917லதான் பேராசிரியர் வேலைக்கு மாறினார். அப்போ அப்பா கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? 'முதல்ல சம்பளம், அப்புறம் அறிவியல்' நடக்கற காரியம்தானே. நம்ம வீடுகள்ல இன்னிக்கும் பேசற பேச்சுதான் இது.

1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு. அந்தக் கோடை லீவுல சந்திரா கல்கத்தா போய் சித்தப்பாவோட ஆய்வுக்கூடத்துல இருந்தார். நோபல் வாங்கப் போற கண்டுபிடிப்பு சுடச்சுட நடந்துகிட்டிருக்கற இடம். நான் அங்க இருந்திருந்தா அங்கேயே ஒட்டிகிட்டிருப்பேன் :) ஆனா பரிசோதனை பக்கம் அவர் மனசு போகலை. பேப்பரும் பேனாவும்தான்னு திரும்பிட்டார்.

அதே வருஷம் ஜெர்மனியோட சோமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்தார். அவர் எழுதின அணு அமைப்புப் புத்தகத்தை சந்திரா கரைச்சுக் குடிச்சிருந்தார். நேரா அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போயிட்டார். "உங்க புத்தகத்தைப் படிச்சிருக்கேன்"னு சொன்ன பையனுக்குக் கிடைச்ச பதில்: அந்தப் புத்தகம் வந்தப்புறம் இயற்பியலே மாறிப் போச்சு. ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக், பவுலின்னு புது ஆளுங்க, புதுக் கணக்கு. பையன் முகம் விழுந்திருக்கணும், பெரியவர் தன்னோட அச்சுக்குப் போகாத கட்டுரையோட புரூஃபை எடுத்துக் கொடுத்தார். உலோகத்துக்குள்ள எலக்ட்ரான்கள் எப்படி நடந்துக்கும்ங்கற கட்டுரை. ஃபெர்மி-டிராக் புள்ளியியல்ங்கற புது ஆயுதம் அதுல இருந்துது.

சில மாசம் அதையே பிடிச்சுப் படிச்சு, அதே ஆயுதத்தை காம்ப்டன் சிதறலுக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதிட்டார். யாருக்கு அனுப்பறது? நூலகத்துல தேடினப்போ கேம்பிரிட்ஜ்ல ரால்ஃப் ஃபௌலர் 1926ல எழுதின ஒரு கட்டுரை கண்ணுல பட்டுது. அதே புள்ளியியலை அவர் நட்சத்திரத்துக்குப் போட்டிருந்தார். சந்திரா 1929 ஜனவரியில அவருக்கே அனுப்பினார், அந்த வருஷமே ராயல் சொசைட்டி இதழ்ல வந்துது. இன்னொரு பக்கம், இயற்பியல் கட்டுரைப் போட்டியில பரிசா எடிங்டன் எழுதின நட்சத்திரங்களோட உள்ளமைப்புப் புத்தகம் கிடைச்சுது.

ஆக, வானியற்பியலைப் பட்டியல்ல பார்த்து டிக் அடிக்கலை. உலோகத்துக்காகக் கத்துகிட்ட ஒரு கணக்கு, பரிசா வந்த ஒரு புத்தகம், முகவரி தேடும்போது கிடைச்ச ஒரு கட்டுரை. மூணும் ஒரே மேஜையில சேர்ந்துது.

சேர்ந்தா என்ன ஆகும்? எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலயே நசுங்கும். ஒரு கட்டத்துல எலக்ட்ரான்கள் தாங்கிப் பிடிக்கும். ஏன்னா ஒரு சீட்டுல ரெண்டு எலக்ட்ரான் உட்கார முடியாது (கண்டக்டர் பவுலி). கீழ் சீட்டெல்லாம் நிரம்பிட்டா அடுத்து வர்றது வேகமான சீட்டுக்குப் போயாகணும். அந்த வேகம்தான் அழுத்தம். அதனால எந்த நட்சத்திரமும் வெள்ளைக் குள்ளனா நிம்மதியா அடங்கலாம்னு ஃபௌலர் கணக்கு சொல்லிச்சு. சந்திரா கப்பல்ல கவனிச்சது ஒண்ணே ஒண்ணு. ரொம்ப நசுங்கினா அந்தச் சீட்டோட வேகம் ஒளியோட வேகத்துக்குப் பக்கத்துல வந்துடும். அதைத் தாண்டி வேகம் கிடையாதே? சார்பியலைச் சேர்த்துப் போட்டா, ஒரு எடைக்கு மேல தாங்கவே முடியாதுன்னு வந்துது. இன்னிக்கு நாம சொல்ற அளவு, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு.

இதெல்லாம் படிச்சிட்டு 'அவர் எடுத்தார், ஜெயிச்சார்'னு நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் போனதும் மனுஷனுக்குப் பெரிய சந்தேகம், நாம தப்பான துறைக்கு வந்துட்டோமோன்னு. நிஜமான இயற்பியல் வேற எங்கயோ நடக்குதேன்னு தவிப்பு. டிராக் சொன்ன யோசனைப்படி ஒரு வருஷம் கோபன்ஹேகன் போர் நிறுவனத்துல இருந்து பார்த்தார். திரும்ப நட்சத்திரத்துக்கே வந்தார். வந்ததுக்குக் கிடைச்ச பரிசு: 1935 ஜனவரி 11, லண்டன் வானியல் சங்கக் கூட்டத்துல, பரிசுப் புத்தகம் எழுதின அதே எடிங்டன் எழுந்து இவர் முடிவைக் கிண்டலடிச்சு ஒதுக்கினார்.

இன்னொண்ணும் சொல்லியாகணும். மயிலாப்பூர்ல சொந்த வீடு, நோபல் சித்தப்பா, சீமைக்குப் போக அரசாங்க உதவித்தொகை... இதெல்லாம் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் தாண்டி பஸ்ல நின்னுகிட்டே காலேஜ் போற பையனுக்குக் கிடையாது. ஆனா அவன் போன்ல இன்னிக்கு வந்த கட்டுரை இன்னிக்கே திறக்கும். சந்திராவுக்கு அதுக்கு ஒரு சோமர்ஃபெல்ட் கப்பலேறி வர வேண்டியிருந்துது.

ஒண்ணையே பிடிச்சுத் தொங்கினவர் கதையும் நம்ம புதுச்சேரியில உண்டு. லெ ஜென்டில். பாதிரியாராகப் படிக்க பாரிஸ் வந்து, ஒரு வானியல் உரையைக் கேட்டு மனசு மாறினவர். வெள்ளி சூரியனைக் கடக்கறதைப் பார்க்க 1760ல கிளம்பினார். 1761ல புதுச்சேரி ஆங்கிலேயர் கையில, இவரு நடுக்கடல்ல. அடுத்ததுக்கு எட்டு வருஷம் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலையில இங்க தொலைநோக்கியை வெச்சுகிட்டு நின்னார். மேகம்! பாவம் மனுஷன்.

சந்திரா நேரெதிர். எடிங்டன் சண்டை அலுத்ததும் 1939ல நட்சத்திர அமைப்பைப் புத்தகமா எழுதி மூடி வெச்சிட்டார். அப்புறம் நட்சத்திரக் கூட்டங்களோட இயக்கம், அப்புறம் ஒளிக் கடத்தல், அப்புறம் பாய்மங்களோட நிலைப்புத்தன்மை, சுழலும் நீள்கோளங்கள், பொதுச் சார்பியல், கருந்துளை. ஒவ்வொண்ணுலயும் பல வருஷம், அநேகமா ஒவ்வொண்ணோட முடிவுலயும் ஒரு குண்டுப் புத்தகம், அடுத்ததுக்கு முதல் பாடத்துலேர்ந்து ஆரம்பம். கருந்துளைப் புத்தகம் 1983ல வந்தப்போ வயசு 72. அதுக்கப்புறம் எடுத்தது நியூட்டனோட பிரின்சிபியா. ஒவ்வொரு தேற்றத்தையும் முதல்ல தானே நிரூபிச்சு, அப்புறம் நியூட்டன் என்ன பண்ணியிருக்கார்னு பார்த்து ஒப்பிட்டார். அந்தப் புத்தகம் 1995ல வந்துது, அவர் இறந்ததும் அதே வருஷம்தான்.