பரணில் தூங்கும் யாஷிகாவை எழுப்பலாமா? தினமும் கையில் வைத்துக்கொள்ள ஒரு பழைய பிலிம் கேமரா!

இன்ஸ்டாவைத் தள்ளிக்கொண்டே போகும்போது, லேசாக மஞ்சள் படிந்து, ஓரத்தில் வெளிச்சம் கசிந்த போட்டோக்கள் கண்ணில் படுகின்றனவா? 'ஃபில்டர் இல்ல, ஒரிஜினல் பிலிம்' என்று கீழே பெருமையாக ஒரு வரியும் இருக்கும். பார்த்ததும் நமக்கும் கை துறுதுறுக்கும். அடுத்த பத்து நிமிஷத்தில் ஆன்லைனில் 'வின்டேஜ்' என்று போட்டிருக்கும் ஏதோ ஒரு கேமராவை கார்ட்டில் சேர்த்திருப்பீங்க. அங்கேயே கொஞ்சம் நில்லுங்க பாஸ்.

பைக் வாங்கும்போது என்ன பண்றோம்? பக்கத்தில் மெக்கானிக் இருக்காரா, ஸ்பேர் கிடைக்குமா, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்னு விசாரிக்கிறோம் இல்லையா? பழைய கேமராவுக்கும் அதே விசாரணைதான். சென்னையில் இருப்பவருக்குப் பொருந்தும் கேமரா, கம்மாபுரத்தில் இருப்பவருக்கும் பொருந்தணும்னு இல்லை. விருத்தாசலமும் நெய்வேலியும் எட்டுகிற தூரத்தில் இருந்தாலும், கலர் ரோல் கழுவும் லேப் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோதான். பழுதானால் பஸ் ஏறணும். அதனால் கம்மாபுரம், மந்தாரக்குப்பம், டவுன்ஷிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு முதல் விதி: எவ்வளவு எளிமையான கேமராவோ அவ்வளவு நல்லது.

முதல் கடை உங்க வீடுதான்

காசு செலவழிக்கும் முன்னாடி பரணில் ஏறுங்க. சிங்கப்பூரிலிருந்தோ கல்ஃப்பிலிருந்தோ லீவில் வந்த மாமா, பெட்டியில் ஒரு கேமரா கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. பெரியப்பா, தாத்தா, பக்கத்து வீட்டு ரிட்டையர்டு சார்னு எல்லார்கிட்டயும் கேளுங்க. தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் கிடைக்கக்கூடியவை யாஷிகா எம்.எஃப்-2 சூப்பர், கோடாக் கே.பி.10, 'கட்டக்' என்ற விளம்பரத்தால் புகழ்பெற்ற ஹாட் ஷாட், இன்னும் பழசாக இருந்தால் அக்ஃபா கிளிக் 3.

இவற்றில் எம்.எஃப்-2 கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 35 மி.மீ. ரோல், இரண்டு ஏ.ஏ. செல், உள்ளேயே ஃப்ளாஷ். செல் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஃபோகஸ் பண்ற வேலையே இல்லை. அதுதான் அதன் குறையும்கூட. கை நீட்டும் தூரத்தில் முகத்தை எடுத்தால் மங்கிப்போகும். நாலைந்து அடி தள்ளி நின்றால் போதும். கல்யாண வீடு, காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று 90-களின் ஆல்பங்களில் நாம் பார்க்கிற அந்த 'லுக்', பெரும்பாலும் இந்த மாதிரி சாதாரண கேமராக்கள் கொடுத்ததுதான். கே.பி.10-உம் இதே ஜாதி.

அக்ஃபா கிளிக் 3 வேற ரகம். 120 ரோல் போடணும், ஒரு ரோலுக்கு சதுரமாக 12 படம்தான். அந்த ரோல் இன்றும் தயாராகிறது என்பதால் தாத்தா கேமராவுக்கு உயிர் கொடுக்கலாம். ஆனால் 12 படத்துக்கு ஒரு ரோல் என்பது தினசரிப் புழக்கத்துக்குக் கட்டாது. ஞாயிற்றுக்கிழமைக் கேமரா என்று வைத்துக்கொள்ளலாம். ஹாட் ஷாட்டின் 110 மாடல் கிடைத்தால் கொஞ்சம் யோசிங்க. அந்தச் சின்ன கேசட்டை லோமோகிராஃபி நிறுவனம் இப்போதும் தயாரிக்கிறது என்றாலும், இங்கே வரவழைக்கவும் கழுவவும் பெரும்பாடு. நெகட்டிவும் விரல்நகம் அளவுதான்.

ஒரு க்ளிக் எவ்வளவு?

ரோல் 1,000 ரூபாய், கழுவி ஸ்கேன் செய்ய 500 ரூபாய் என்று வைத்துக்குவோம். 36 படத்துக்கு 1,500. ஒரு க்ளிக் சுமார் 42 ரூபாய், கூரியர் தனி. ஒரு பிரியாணிக் காசில் மூணு நாலு படம்தான் தேறும்! மாசம் ஒரு ரோல் என்று பட்ஜெட் போட்டால், வருஷத்துக்கு ஆகும் 18,000 ரூபாயில் கேமராவின் விலை சின்ன தொகைதான். அதனால்தான் 'எந்த கேமரா' என்பதைவிட 'மாசம் எத்தனை ரோல்' என்ற கேள்வி முதலில் வரணும்.

செலவைப் பாதியாக்க ஒரு வழி உண்டு. ஹாஃப் ஃப்ரேம் கேமராவில் அதே 36 ரோலில் 72 படம் எடுக்கலாம். 2022-ல் வந்த கோடாக் எக்டார் எச்35 பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கும், வேலையை முடிக்கும். 2024-ல் வெளியான பென்டாக்ஸ் 17 புத்தம்புது பிலிம் கேமரா, விலையும் அதற்கேற்ப. ஆனா இந்த இரண்டும் 'வின்டேஜ்' கணக்கில் வராது.

காசு கொடுத்து வாங்குறதா இருந்தா?

தினமும் பையில் இருக்கணும் என்றால் என் ஓட்டு ஒலிம்பஸ் ட்ரிப் 35-க்கு. 1960-களின் கடைசியில் வந்து 1984 வரை தயாரான கேமரா. பேட்டரியே கிடையாது! லென்ஸைச் சுற்றி இருக்கும் தேன்கூடு மாதிரியான வளையத்தில் செலினியம் செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதிலிருந்தே மின்சாரம் வந்து எக்ஸ்போஷரைத் தீர்மானித்துவிடும். ஒருத்தர், ரெண்டு பேர், கூட்டம், மலை என்று நாலு படக் குறிகள்தான் ஃபோகஸ். எடை சுமார் 400 கிராம். வெளிச்சம் போதவில்லை என்றால் வியூஃபைண்டரில் சின்ன சிவப்புக் கொடி எட்டிப்பார்க்கும், ஷட்டர் இறங்காது. ராத்திரி டீக்கடை டியூப்லைட்டில் அந்தக் கொடியைத்தான் அடிக்கடி பார்ப்பீங்க. 'நம்ம ஊர் வெயிலுக்கே செஞ்ச கேமரா'ன்னு சொல்லலாம்.

சாயங்காலமும் ராத்திரியும்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கிறது என்றால் யாஷிகா எலெக்ட்ரோ 35 பக்கம் போகலாம். எஃப் 1.7 லென்ஸ், குறைந்த வெளிச்சத்தில் கலக்கும். ஆனால் முக்கால் கிலோ எடை. அது கேட்கிற பழைய மெர்குரி பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. 6 வோல்ட் பேட்டரியை அடாப்டரில் வைத்து ஓட்டணும். வாங்கும்போது லீவரை இழுத்துப் பாருங்க. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கணும். கேட்கவில்லை என்றால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு உதிர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது பிரித்து மேயவேண்டிய வேலை.

ஒழுங்கா கத்துக்கணும் என்கிறவர்களுக்கு எஸ்.எல்.ஆர். 1976-லிருந்து 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000, உலகம் முழுக்க மாணவர்கள் கையில் இருந்தது. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் வேலை செய்யும், லைட் மீட்டர் மட்டும்தான் தூங்கும். அதற்கு ஆஃப் பட்டன் கிடையாது. லென்ஸ் மூடியைப் போடாமல் வைத்தால் செல் காலி. லென்ஸோடு சேர்த்தால் இதுவும் முக்கால் கிலோ பக்கம் வரும். நிக்கான் எஃப்.எம்.10, நிக்கானுக்காக கொசினா நிறுவனம் செய்துகொடுத்தது. உடம்பு 420 கிராம்தான். பிளாஸ்டிக் என்று கேமரா ரசிகர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தோளில் தொங்கப்போவது அவங்க பையில் இல்லையே. சோவியத் ஜெனிட் நம்மூரில் நிறைய சுற்றுகிறது, அதன் ஹீலியோஸ் லென்ஸ் அழகு. ஆனால் செங்கல் கனம். வாரத்துக்கு ஒருநாள் சரி, தினமும் கஷ்டம்.

செலிபிரிட்டி கேமராக்கள் வேண்டாம். 1990-ல் வந்த கான்டாக்ஸ் டி2 நல்ல கேமராதான். 2017-ல் கெண்டால் ஜென்னர் அமெரிக்க டி.வி. ஷோவில் அதைக் காட்டியதற்குப் பிறகு விலை எங்கேயோ போய்விட்டது. உள்ளே முழுக்க எலெக்ட்ரானிக்ஸ். ஒருநாள் நின்றுபோனால் பேப்பர் வெயிட்.

கடையில் நின்று பண்ணவேண்டிய சோதனை

நேரில் பார்க்காமல் வாங்காதீங்க. முடியவில்லை என்றால் வீடியோ கால் கேளுங்க. 'டெஸ்ட் பண்ணல, அப்படியே விற்கிறோம்' என்று எழுதியிருந்தால், டெஸ்ட் பண்ணிப் பார்த்து ஓடாததால்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கோங்க.

பின்கதவைத் திறந்து, ரோல் இல்லாமல், டியூப்லைட்டைப் பார்த்தபடி ஷட்டரை அழுத்துங்க. மேனுவல் கேமராவில் 1 செகண்ட் வைத்தால் உண்மையிலேயே ஒரு செகண்ட் திறந்து மூடணும். இழுத்துக்கொண்டே நின்றால் உள்ளே எண்ணெய் பிசுபிசுத்திருக்கிறது. அடுத்து செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கமிருந்து பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. கடலூர் மாவட்ட ஈரக்காற்றில் பரணில் கிடந்த கேமராக்களுக்கு இதுதான் முதல் எதிரி. தூசி நாலு இருந்தால் கவலை இல்லை. பூஞ்சை இருந்தால் அடுத்த கேமராவைப் பாருங்க. கதவு ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஃபோம் தார் மாதிரி ஒட்டினால் வெளிச்சம் கசியும், ஆனால் அதைக் கம்மி காசில் மாற்றிவிடலாம். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்க. ட்ரிப் 35 என்றால் லென்ஸ் வளையத்தை உள்ளங்கையால் மூடி அழுத்தணும். வெளிச்சத்தில் கொடி வராமல் ஷட்டர் இறங்கி, மூடும்போது மட்டும் சிவப்புக் கொடி வந்தால் செல் உயிரோடு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ரோல் போட்டதும் ஒரே ஒரு விஷயம். லீவரை இழுக்கும்போது இடது பக்க ரீவைண்ட் குமிழும் சுற்றுகிறதா என்று பாருங்க. சுற்றவில்லை என்றால் ரோல் மாட்டவே இல்லை. 36 படமும் காற்றில் போகும்.

ரோலும் கழுவுறதும்

ஒரு காலத்தில் ரோல் நம்ம தமிழ்நாட்டிலேயே தயாரானது தெரியுமா? 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-லிருந்து ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்தது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும் அங்கே வந்ததுதான். டிஜிட்டல் அலையில் அந்த ஆலை அடங்கிப்போனது. இப்போது கோடாக் அமெரிக்காவிலிருந்தும், இல்ஃபோர்டு இங்கிலாந்திலிருந்தும் வரவேண்டியிருக்கிறது. விலை ஏன் கடிக்கிறது என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

முதல் ரோலுக்கு கோடாக் கோல்டு 200 போதும். நெய்வேலி வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 200 தாராளம். நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் 250-ல் ஒரு பங்கு என்று வைத்தால் மீட்டரே வேண்டாம். நிழலுக்குப் போனால் எஃப் 5.6 வரை திறந்துக்கோங்க. சினிமா பிலிமை வெட்டிச் சுருட்டி விற்கும் ரோல்களில் ஜாக்கிரதை. பின்பக்கம் 'ரெம்ஜெட்' என்ற கறுப்புப் பூச்சு இருந்தால் சாதாரண கலர் லேப் வாங்காது. முன்கூட்டியே கேட்டுக்கணும்.

வெயில் பிலிமுக்கும் ஆகாது. பைக் பெட்டியில், கார் டேஷ்போர்டில் விடாதீங்க, கலர் மாறிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால், எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்க, இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். சுரங்கப் பக்கத்துக் காற்றில் தூசி அதிகம் என்பதால் நடுரோட்டில் ரோல் மாற்ற வேண்டாம். ஒரு ஜிப் கவர் பையில் இருக்கட்டும்.

கறுப்பு வெள்ளை என்றால் வீட்டு பாத்ரூமிலேயே கழுவலாம். எச்.பி.5 ரோல், டி-76 கெமிக்கல், மூடிய டேங்க் ஒன்று. கெமிக்கல் 20 டிகிரியில் இருக்கணும் என்று புத்தகம் சொல்லும். மே மாசம் நம்ம குழாயைத் திறந்தால் வருவது வெந்நீர்! ஐஸ் கட்டி போட்ட பக்கெட்டில் பாட்டிலை உட்கார வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவரணும். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கும், தோட்டத்தில் ஊற்றாதீங்க.

எதை எடுக்கிறது?

1956-ல் நெய்வேலி நிறுவனம் உருவாகி, அடுத்த வருஷம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து இந்தப் பகுதியின் வரைபடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சுரங்கம் விரிய விரிய வயல், தெரு, குளம், கோயில் இடம் மாறுகின்றன. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், விளைந்து நின்ற நெல் வயலுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியதை நாம் எல்லாருமே செல்போனில் பார்த்தோம். அந்த வீடியோக்கள் இப்போது உங்க போனில் இருக்கா? தேடிப் பாருங்க. போன் மாறியிருக்கும், ஸ்டோரேஜ் நிறைந்து அழித்திருப்போம்.

இடம் மாறிப்போன குடும்பங்களின் ஆல்பத்தைப் புரட்டினால், பழைய வீட்டு வாசலில் நின்று எடுத்த ஒரு படமாவது இருக்கலாம். பின்னணியில் வேப்பமரம், திண்ணை, சைக்கிள். போட்டோகிராபர் எடுக்க நினைத்தது ஆட்களை. இன்றைக்குக் கண் தேடுவது பின்னணியை. அதனால் சூரிய அஸ்தமனத்துக்கு 42 ரூபாய் செலவு பண்ணாதீங்க. உங்க தெரு, பஸ் ஸ்டாப்பு, களத்துமேடு, மளிகைக் கடை அண்ணாச்சி, முந்திரித் தோப்பு என்று தினமும் பார்த்துப் பார்த்துச் சலித்ததை எடுங்க. ஆளை எடுக்கும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்து வாசலையும் சேர்த்துக்கோங்க. சுரங்கத்துக்குள்ளும் அனல்மின் நிலைய வளாகத்திலும் மட்டும் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்க வேண்டாம். சி.ஐ.எஸ்.எஃப். காவல் உள்ள இடம்.

கடைசியா ஒன்று. லேபுக்கு ரோல் அனுப்பும்போது 'நெகட்டிவைத் திருப்பி அனுப்பவும்' என்று கவரின் மேலேயே எழுதிடுங்க. கேட்காவிட்டால் சில லேப்கள் ஸ்கேனை மட்டும் மெயிலில் தள்ளிவிடும். வந்ததும் ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போட்டு, தேதி, தெருப் பெயர், ஆள் பெயரை உறை மேல் பென்சிலில் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைங்க. பரணில் மட்டும் வைக்காதீங்க!